16 த்ரெட் போட்டால் 1 த்ரெட்டை விட மெதுவாக ஓடுகிறது: சி++ சொல் எண்ணும் நிரல்

சொல்லெண்ணி எழுதியது:

வணக்கம். 12 ஜிபி தமிழ் உரைக் கோப்பில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் சி++ நிரல் இது. விவரம் கீழே.

கணினி: 8 கோர், 16 த்ரெட், 32 ஜிபி ரேம், இரண்டு சானல் டிடிஆர்4-3200, என்விஎம்இ எஸ்எஸ்டி. லினக்ஸ், ஜிசிசி கம்பைலர், ஓ2 (வேகத்துக்காக மெருகேற்றும் நிலை; ஓ0 என்றால் மெருகேற்றம் இல்லை).

கோப்பு: யுடிஎஃப்-8, வரிக்கு ஒரு பத்தி. சுமார் 48 கோடி சொற்கள். வெவ்வேறு சொற்கள் என்று பார்த்தால் 1 கோடிக்குச் சற்றுக் குறைவு.

முறை: கோப்பை எம்மேப் செய்து (நினைவகத்தில் இருப்பதுபோல் படிக்க வைத்து), பைட் கணக்கில் 16 சம பாகமாக வெட்டி, பாகத்துக்கு ஒரு த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைச்சரம்). எல்லாமே ஒரே அன்ஆர்டர்ட் மேப்பில் (சொல்லிலிருந்து கணக்கிடும் ஹேஷ் எண்ணை வைத்து இடம் பார்க்கும் அட்டவணை) கூட்டுகின்றன. மேப்புக்கு ஒரு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு).

நேரம்: 1 த்ரெட் 118 நொடி, 4 த்ரெட் 139, 16 த்ரெட் 171. டாப் கருவியில் சிபியு 600% வரை போகிறது, அதில் ஏறக்குறைய பாதி சிஸ்டம் நேரம் (இயங்குதளத்தின் கர்னல் செலவிடுவது).

இன்னொரு வினோதம். மொத்தச் சொல் எண்ணிக்கை 1 த்ரெட்டில் வருவதைவிட 16 த்ரெட்டில் 13 கூடுதலாக வருகிறது. எத்தனை முறை ஓட்டினாலும் அதே 13. எங்கே ரேஸ் (த்ரெட்டுகள் ஒரே தரவை ஒழுங்கில்லாமல் தொடும் பிழை) இருக்கிறது?

---

பூட்டுக்காரன் எழுதியது:

வேகக் கதையை முதலில் கணக்காகப் பாருங்கள். 118 நொடியை 48 கோடியால் வகுத்தால் ஒரு சொல்லுக்குச் சுமார் 246 நானோநொடி. அதில் வரியைச் சொல்லாக வெட்டும் வேலைக்கு 50 போகும் என்று வைப்போம். மீதி 196-ம் மேப்பில் தேடிக் கூட்டுவது. அது முழுக்க உங்கள் பூட்டுக்குள் நடக்கிறது.

அதாவது வேலையில் 80 சதவீதம் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். 1967-இல் கணினி வடிவமைப்பாளர் ஆம்டால் சொன்ன கணக்கில் போட்டால், ஆயிரம் கோர் கொடுத்தாலும் கிடைக்கக்கூடிய அதிகபட்ச வேகம் 1.25 மடங்கு. பூட்டு இலவசமாகக் கிடைத்தால்கூட 94 நொடிக்குக் கீழே இறங்காது.

பூட்டோ இலவசமில்லை. யாரும் போட்டிக்கு வராதபோது மியூடெக்ஸைப் பூட்டித் திறப்பது 20 நானோநொடி அளவில் முடிந்துவிடும். போட்டி வந்தால் காத்திருக்கும் த்ரெட் கர்னலுக்குள் போய்த் தூங்குகிறது, யாராவது எழுப்ப வேண்டும். நீங்கள் பார்த்த சிஸ்டம் நேரம் அந்தத் தூக்கமும் எழுப்பலும்தான். 200 நானோநொடி வேலைக்காக மைக்ரோநொடிக் கணக்கில் தூங்கி எழுவது கட்டுப்படியாகாது.

இதில் கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்று உண்டு. 'ஒரு', 'என்று', 'இந்த' போன்ற சொற்களின் எண்ணி, ஒற்றை த்ரெட்டில் எப்போதும் எல்1 கேஷிலேயே (கோருக்குள் உள்ள மிக வேகமான சிறு நினைவகம்) இருக்கும். நான்கைந்து சைக்கிளில் கைக்கு வந்துவிடும். 16 த்ரெட்டில் அதே எண்ணியைக் கடைசியாக மாற்றியது வேறொரு கோர், அதன் கேஷிலிருந்து ஒவ்வொரு முறையும் இழுத்து வர வேண்டும். பூட்டுக்குள் நடக்கும் வேலையே இப்படி நீண்டுவிடுகிறது. 94-க்குப் பதில் 171 வந்தது இதனால்தான்.

---

மெதுவடை_64 எழுதியது:

ரொம்ப யோசிக்காதீங்க. மேப்பை 64 துண்டாக்குங்க, துண்டுக்கு ஒரு பூட்டு. சொல்லோட ஹேஷ் எந்தத் துண்டுன்னு சொல்லும். அஞ்சு நிமிஷ வேலை.

---

கேஷ்_மிஸ் எழுதியது:

@மெதுவடை_64 முன்னேற்றம் வரும், ஆனால் பாதி வழியில் நின்றுவிடும். சொற்கள் சமமாகப் பரவுவதில்லையே. அடிக்கடி வரும் சில நூறு சொற்களே உரையில் பெரும்பங்கு. 'ஒரு' போய் விழும் துண்டில் எப்போதும் வரிசை நிற்கும், மற்ற துண்டுகள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். தவிர 48 கோடி முறை பூட்டித் திறப்பது அப்படியே இருக்கிறது.

பூட்டை நுணுக்கமாக்குவதைவிடப் பகிர்வதையே நிறுத்துங்கள். த்ரெட்டுக்கு ஒரு சொந்த மேப். எண்ணும்போது யாரும் யாருடையதையும் தொடக்கூடாது. எல்லாரும் முடித்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஒரு த்ரெட் உரையில் பதினாறில் ஒரு பங்கைப் பார்த்தால் வெவ்வேறு சொற்கள் 15–20 லட்சம் வரும். 16 மேப்பும் சேர்ந்து 3 ஜிபி அளவில் நிற்கும், 32 ஜிபியில் இது பிரச்சினையே இல்லை.

அடுத்து அந்த 13. எப்போதும் அதே எண் வருகிறது என்றால் அது ரேஸ் இல்லை. ரேஸ் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறு எண் காட்டும். உங்களுடையது வெட்டும் இடத்துப் பிழை. 16 பாகத்துக்கு 15 வெட்டு. 2 வெட்டு தற்செயலாக இடைவெளியில் விழுந்திருக்கும், 13 வெட்டு சொல்லின் நடுவே. ஒவ்வொன்றும் ஒரு சொல்லை இரண்டாக்குகிறது. தமிழில் இன்னும் மோசம்: யுடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறி 3 பைட் எடுக்கும், 'கொ' என்ற ஓரெழுத்தே 6 பைட். வெட்டு எழுத்தின் வயிற்றுக்குள்ளேயே விழுந்திருக்கலாம். மேப்பில் படிக்க முடியாத குப்பைச் சொற்கள் சில இருக்கும், தேடிப் பாருங்கள்.

வரி முடிவில் வெட்டுங்கள். வரிமுடிவுக் குறியின் பைட் மதிப்பு 10. பல பைட் எழுத்துகளின் எல்லா பைட்டும் 128 முதல் மேலே. அதனால் எழுத்துக்குள் அந்த 10 ஒருபோதும் வராது, கண்ணை மூடிக்கொண்டு தேடலாம். விதி இதுதான்: பாகத்தின் தொடக்கத்துக்கு முந்தைய பைட் வரிமுடிவாக இருந்தால் அப்படியே தொடங்கு. இல்லையென்றால் அடுத்த வரிமுடிவு வரை தாண்டு. தன் எல்லைக்குள் தொடங்கும் வரியை, எல்லை தாண்டினாலும் முழுதாக முடி. முந்தைய பைட்டைப் பார்க்காமல் எப்போதும் ஒரு வரியைத் தாண்டினால், வெட்டு சரியாக வரித் தொடக்கத்தில் விழும்போது அந்த வரியை இரண்டு பேருமே விட்டுவிடுவார்கள். அந்தப் பிழை கோப்பின் நீளத்தைப் பொறுத்து எப்போதாவது மட்டும் வரும், கண்டுபிடிக்க மண்டை காயும்.

---

பூட்டுக்காரன் எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று: 16 சம பாகம் வேண்டாம். பைட் சமம் என்றால் வேலை சமம் என்று ஆகாது. புதுச் சொற்கள் மிகுந்த பாகம் மெதுவாகத்தான் போகும், அந்த ஒருவருக்காக 15 பேர் காத்திருப்பார்கள். 4 எம்பி துண்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். 12 ஜிபிக்கு 3,072 துண்டு. அடுத்து எந்தத் துண்டு என்று சொல்ல ஒரே ஒரு அட்டாமிக் எண்ணி (பல த்ரெட் ஒன்றாகத் தொட்டாலும் கணக்குத் தப்பாதது). போலிநிரல்:

```
எப்போதும்:
    து = அடுத்த_துண்டு.எடுத்து_1_கூட்டு()
    து >= 3072 என்றால் வெளியேறு
    துண்டை_எண்ணு(து, என்_மேப்)
```

மொத்த ஓட்டத்திலும் பகிர்வது அந்த ஒரு எண்தான், அதையும் 3,072 தடவைக்குச் சற்று மேலே மட்டுமே தொடுகிறார்கள். முன்பு 48 கோடி தடவை.

துண்டை 4 கேபி என்று வைத்தால் எண்ணியிடம் மறுபடி கூட்டம் கூடும். 1 ஜிபி என்று வைத்தால் கடைசியில் ஓரிருவர் மட்டும் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒரு துண்டுக்குச் சில மில்லிநொடி முதல் சில பத்து மில்லிநொடி வரை வேலை இருந்தால் போதும்.

---

துருப்பிடித்தவன் எழுதியது:

ரஸ்ட் மொழியில் எழுதியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது 🙂

---

கேஷ்_மிஸ் எழுதியது:

@துருப்பிடித்தவன் இந்த இடத்தில் அது சரியில்லை நண்பரே. பூட்டில்லாமல் பகிர்ந்த மேப்பை ரஸ்ட் கம்பைல் செய்யவே விடாது, அது உண்மையிலேயே பெரிய வரம். ஆனால் இவர் ஒழுங்காகப் பூட்டுப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார். இதே வடிவத்தை ரஸ்ட்டில் எழுதினால் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் கம்பைல் ஆகி, இதே ஆமை வேகத்தில் ஓடும். டெட்லாக்கையும் (ஒருவர் பூட்டுக்காக இன்னொருவர் காத்து எல்லாம் நின்றுபோவது) அது தடுக்காது. 13 கூடுதல் சொல்லையும் தடுக்காது.

---

துருப்பிடித்தவன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். எழுத்தின் நடுவே வெட்டிய துண்டை ஸ்ட்ரிங்காக மாற்றும்போது அது கத்தியிருக்கும் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

---

சொல்லெண்ணி எழுதியது:

எல்லாவற்றையும் செய்தேன். மொத்த எண்ணிக்கை 1 த்ரெட்டோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. குப்பைச் சொற்கள் போய்விட்டன.

நேரம் இப்போது 27 நொடி. எண்ணுவதற்கு 18, மேப்புகளைச் சேர்க்க 9.

சந்தேகம் மூன்று. (அ) 18 ஏன் 118/16-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை? (ஆ) ஒவ்வொரு த்ரெட்டும் வரி, சொல், பைட் எண்ணிக்கை வைத்துக்கொள்ள ஒரு ஸ்ட்ரக்ட். 16 ஸ்ட்ரக்ட் ஒரே வெக்டரில் (நினைவகத்தில் அடுத்தடுத்து). யாரும் அடுத்தவருடையதைத் தொடவில்லை. ஆனாலும் அந்த எண்ணிகளை நீக்கினால் நேரம் இரண்டு நொடிக்கு மேல் குறைகிறது! (இ) சேர்க்கும் பகுதி வேலையைத் தொடங்க, எல்லா த்ரெட்டும் முடியும்வரை 'முடிந்தது' என்ற பூல் (உண்மை அல்லது பொய்) மாறியை வெற்று லூப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஓ0-வில் சரியாக ஓடுகிறது, ஓ2-வில் தொங்கிவிடுகிறது. வாலட்டைல் போட்டதும் சரியாகிவிட்டது. அது போதுமா?

---

நுண்செயலி எழுதியது:

(அ)-வுக்கு. முதலில் 16-ஆல் வகுப்பதை விடுங்கள். உங்களிடம் இருப்பது 8 கோர். ஒரு கோரின் இரண்டு த்ரெட் அதே கணக்கிடும் உறுப்புகளையும் அதே எல்1, எல்2 கேஷையும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று நினைவகத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மற்றது ஓடும், அவ்வளவே. தவிர ஒரு கோர் மட்டும் ஓடும்போது செயலி எட்டும் டர்போ வேகம், எட்டும் ஓடும்போது கிடைக்காது. 118-ஐ அளந்தது அந்த உயர்ந்த வேகத்தில்.

நினைவக அகலப்பாதை தடையா என்றால் இல்லை. டிடிஆர்4-3200 ஒரு சானலுக்கு நொடிக்கு 25.6 ஜிபி, உங்களுக்கு இரண்டு சானலில் 51.2. நீங்கள் 18 நொடியில் படிப்பது 12 ஜிபி, நொடிக்கு 0.7 கூட இல்லை. மேப்பின் கணுக்கள் நினைவகமெங்கும் சிதறிக் கிடப்பதால் ஒவ்வொரு அரிய சொல்லுக்கும் ரேம் வரை போய் வர வேண்டியிருக்கிறது. ஒரு நடைக்கு 80–100 நானோநொடி. தடை அகலத்தில் இல்லை, காத்திருப்பில். இந்த மாதிரி வேலைக்குத்தான் ஒரு கோரில் இரண்டு த்ரெட் உண்மையில் உதவும். பெரிய வரிசைகளைக் கூட்டுவது போன்ற வேலையாக இருந்தால் நாலைந்து கோரிலேயே அகலப்பாதை நிரம்பிவிடும். அதற்குமேல் த்ரெட் சேர்ப்பது வீண்.

(ஆ) இதற்குப் பொய்ப் பகிர்வு என்று பெயர். நிரலில் பகிரவில்லை, வன்பொருளில் பகிர்கிறீர்கள். கேஷ் ஒருங்கிணைப்பு நடப்பது மாறி அளவில் அல்ல, கேஷ் லைன் (ஒரே மொத்தமாக நகரும் பைட் கட்டு) அளவில். எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி செயலி வகை) ஒரு லைன் 64 பைட். உங்கள் ஸ்ட்ரக்ட் 8 பைட் எண் மூன்று, ஆக 24 பைட். 16 ஸ்ட்ரக்ட் 384 பைட், அதாவது 6 லைன். ஒரு லைனில் மூன்று நான்கு த்ரெட்டின் எண்ணிகள் குடியிருக்கின்றன. ஒரு கோர் எழுத வேண்டுமென்றால் அந்த லைன் தனக்கு மட்டுமே சொந்தமாக இருக்க வேண்டும். மற்ற கோர்களில் உள்ள நகல் செல்லாததாகும். அடுத்த நொடித்துகளில் மற்றவர் பறிப்பார். 48 கோடி சொல்லுக்கும் இந்த இழுபறி.

உறுதி செய்ய லினக்ஸில் பெர்ஃப் சி2சி இருக்கிறது. எந்த லைனை எந்தெந்த வரி நிரல் எழுதுகிறது, மாற்றப்பட்ட நிலையில் வேறு கோரிலிருந்து எத்தனை முறை இழுக்கப்பட்டது என்று லைன் வாரியாகக் காட்டும். ஒரே லைனில் வெவ்வேறு ஆஃப்செட்டில் வெவ்வேறு த்ரெட் எழுதுவது தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

---

கேஷ்_மிஸ் எழுதியது:

அதற்கு எல்லாரும் சொல்லும் மருந்து ஸ்ட்ரக்டை 64 பைட் எல்லைக்கு அலைன்ஆஸ் போட்டு நகர்த்துவது. வேலை செய்யும். சில இன்டெல் செயலிகள் பக்கத்து லைனையும் சேர்த்து முன்கூட்டி இழுப்பதால் 128 போடுபவர்களும் உண்டு. ஆப்பிள் எம்1-இல் லைனே 128 பைட்.

அதைவிட எளிய வழி: எண்ணிகளைத் துண்டை எண்ணும் பங்ஷனுக்குள் லோக்கல் மாறியாக வைத்து, துண்டு முடிந்ததும் ஒரே தடவை ஸ்ட்ரக்டில் கூட்டுங்கள். கம்பைலர் அவற்றை ரெஜிஸ்டரிலேயே வைத்துவிடும். 48 கோடி தடவை எழுதுவது 3,072 ஆகிவிட்டால் லைன் எங்கே இருந்தாலும் யாருக்குக் கவலை?

சேர்ப்பதற்கு 9 நொடி ஆவதுதான் இப்போது பெரிய முள். 27-இல் 9 ஒற்றை த்ரெட். நாளை 64 கோர் வாங்கினாலும் அந்த 9 குறையாது. இப்படிப் பிரியுங்கள்:

ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு மேப்புக்குப் பதில் 64 சிறு மேப் வைத்துக்கொள்ளட்டும். சொல்லின் ஹேஷில் மேல் 6 பிட் எந்த மேப் என்று சொல்லும். எண்ணி முடித்ததும், 0-ஆம் எண் மேப்புகள் 16-ஐயும் ஒரு த்ரெட் சேர்க்கும், 1-ஆம் எண் மேப்புகளை இன்னொன்று, இப்படி 64 வேலை. ஒரே சொல் இரண்டு எண்ணில் இருக்க வாய்ப்பே இல்லாததால் பூட்டு எதுவும் தேவையில்லை. மறுபடி அதே அட்டாமிக் எண்ணி போதும்.

மேல் பிட் என்று சொன்னதைக் கவனியுங்கள். கீழ்ப் பிட்டில் பிரித்து, உள்ளே இருக்கும் ஹேஷ் டேபிளும் கீழ்ப் பிட்டை வைத்தே இடம் ஒதுக்கும் வகையாக இருந்தால், ஒரு சிறு மேப்புக்குள் வரும் எல்லாச் சொல்லுக்கும் அந்த 6 பிட் ஒன்றுதான். 64 இடத்தில் ஓரிடம் மட்டும் நிரம்பும். ஜிசிசியின் அன்ஆர்டர்ட் மேப் பகா எண்ணால் வகுப்பதால் தப்பிக்கும். நாளை வேகமான வேறு டேபிளுக்கு மாறும்போது மாட்டும்.

---

மெதுவடை_64 எழுதியது:

நான் சொன்ன 64 துண்டேதான் 😀 பூட்டு மட்டும் இல்ல.

---

கேஷ்_மிஸ் எழுதியது:

அந்தப் "மட்டும்"-இல்தான் எல்லாம் இருக்கிறது.

---

பூட்டுக்காரன் எழுதியது:

(இ) போதாது. ஆபத்தும்கூட.

ஓ2-வில் தொங்கியது ஏனென்றால், அந்த லூப்புக்குள் 'முடிந்தது' மாறியை யாரும் மாற்றவில்லை என்று கம்பைலர் பார்க்கிறது. ஒருமுறை படித்து ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு சுற்றுகிறது. ஒரு த்ரெட் எழுத, இன்னொன்று ஒத்திசைவில்லாமல் படித்தால், சி++11 முதல் மொழி விதிப்படி அது டேட்டா ரேஸ். நடத்தை வரையறுக்கப்படாதது, கம்பைலர் என்ன செய்தாலும் குறை சொல்ல முடியாது.

வாலட்டைல் அந்த ஒரு மாறியை ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்து படிக்க வைக்கிறது. மற்றவற்றோடு அதன் வரிசைக்கு உத்தரவாதம் தராது. மேப்பில் எழுதிய பிறகுதான் 'முடிந்தது' உண்மையாகும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், கம்பைலர் அதை மாற்றிப் போடலாம். எக்ஸ்86 வன்பொருள் நினைவகத்தில் எழுதும் வரிசையைக் காக்கும். ஏஆர்எம் காக்காது. ராஸ்பெர்ரி பை, கிராவிட்டான் சர்வர், ஆப்பிள் எம் வரிசை இவற்றில் 'முடிந்தது' உண்மை என்று தெரிந்தும் மேப்பின் பழைய நிலையைப் படிக்க நேரலாம். எக்ஸ்86-இல் பல மாதம் ஓடிய நிரல் ஏஆர்எம்மில் ஏற்றிய அன்றே விழுவதற்கு வழக்கமான காரணம் இதுதான்.

இந்த வாலட்டைல் பழக்கம் பெரும்பாலும் ஜாவாவிலிருந்து வருவது. 2004-இல் ஜாவா 5 நினைவக விதிகளைத் திருத்தியதிலிருந்து அங்கே வாலட்டைலுக்கு வரிசை உத்தரவாதம் உண்டு. பெயர் ஒன்று, பொருள் வேறு.

சரியான வடிவம்: 'முடிந்தது' அட்டாமிக் பூல். எழுதுபவர் ரிலீஸ், படிப்பவர் அக்வயர். அக்வயரில் உண்மையைக் கண்டவருக்கு, ரிலீஸுக்கு முன் எழுதியதெல்லாம் தெரியும். எந்த வரிசை வேண்டும் என்று உறுதியில்லையென்றால் எதுவும் குறிப்பிடாமல் விடுங்கள், இயல்பாகவே மிகக் கடுமையான வரிசை கிடைக்கும். ரிலாக்ஸ்ட் என்பது எண்ணிக்கை மட்டும் தேவைப்படும் இடத்துக்கு. மேலே துண்டு எடுக்கும் எண்ணிக்கு அது போதும்.

உங்கள் நிரலுக்கு இவை எதுவுமே வேண்டாம். 16 த்ரெட்டையும் ஜாயின் செய்துவிட்டு (முடியும்வரை காத்திருந்து) சேர்க்கத் தொடங்குங்கள். ஜாயின் திரும்பினால் அந்த த்ரெட் எழுதியதெல்லாம் தெரியும் என்பது மொழியின் உத்தரவாதம். அதே த்ரெட்டுகளை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் சி++20 பேரியர் (எல்லாரும் வந்து சேரும்வரை நிறுத்தி வைப்பது). வெற்று லூப் ஒரு கோரை முழுதாகச் சாப்பிடுகிறது, அதை எண்ண விட்டிருக்கலாம்.

---

பாம்பாட்டி எழுதியது:

குறுக்கே வருகிறேன். இதையே பைத்தானில் த்ரெட் வைத்துச் செய்தால் பயன் உண்டா?

---

துருப்பிடித்தவன் எழுதியது:

வழக்கமான சிபைத்தானில் இல்லை. ஜிஐஎல் என்ற ஒரே பொதுப் பூட்டு இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைத்தான் பைட்கோடை ஓட்டும். ஜிஐஎல் இல்லாத பதிப்பு 2024 அக்டோபரில் 3.13-இல் சோதனை முயற்சியாக வந்தது, 3.14-இல் அதிகாரபூர்வ ஆதரவு கிடைத்தது. இன்னும் தனியாகத் தேர்ந்து நிறுவ வேண்டியதுதான், சி நீட்சிகள் அதற்கு ஏற்றவையா என்றும் பார்க்க வேண்டும்.

மல்டிபிராசஸிங் (த்ரெட்டுக்குப் பதில் தனித்தனிப் பிராசஸ்) போடலாம். பிராசஸ்கள் திருப்பி அனுப்பும் கவுண்டர் முழுவதும் பிக்கிள் ஆகி (பைட்டுகளாக மாறி) பைப் வழியே வரும், லட்சக்கணக்கான சொல் என்றால் அதுவே நொடிக்கணக்கில் தின்னும். ஒவ்வொரு பிராசஸும் தன் முடிவை ஹேஷ் வாரியாகக் கோப்புகளில் எழுதிவிட்டுப் பெயரை மட்டும் திருப்பட்டும். த்ரெட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபோர்க் செய்தால் (பிராசஸை அப்படியே நகலெடுத்தால்), அந்த நொடியில் யாரோ பிடித்திருந்த பூட்டு குழந்தைப் பிராசஸில் பூட்டியபடியே நின்றுவிடும். லினக்ஸில் 3.14 முதல் ஃபோர்க் இயல்பு முறையாக இல்லாமல் ஃபோர்க்சர்வர் ஆனது இந்தத் தொல்லையால்தான்.

---

நுண்செயலி எழுதியது:

@சொல்லெண்ணி மேப்பின் சாவி ஸ்டிரிங்தானே? தேடும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் புதிதாக ஒரு ஸ்டிரிங் உருவாக்குகிறீர்களா?

---

சொல்லெண்ணி எழுதியது:

ஆமாம்.

---

நுண்செயலி எழுதியது:

அங்கேதான் அடுத்த ஓட்டை. ஜிசிசியின் ஸ்டிரிங் 15 பைட் வரை தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், தாண்டினால் ஹீப்பில் (தேவைக்கேற்ப ஒதுக்கும் பொது நினைவகம்) இடம் கேட்கும். ஆங்கிலத்தில் பெரும்பாலான சொற்கள் 15-க்குள் அடங்கிவிடும். தமிழில் 15 பைட் என்பது 5 குறி. 'தமிழ்' சரியாக 15, தப்பித்தது. 'தமிழில்' 21, ஹீப்புக்குப் போகும். ஆக நம் சொற்களில் கணிசமானவற்றுக்கு ஒவ்வொரு தேடலிலும் ஒரு மெலாக் (ஒதுக்கீடு), ஒரு ஃப்ரீ (விடுவிப்பு).

கிளிப்சி (லினக்ஸின் சி நூலகம்) 2.26 முதல் த்ரெட்டுக்கெனச் சிறு சேமிப்பு வைத்திருப்பதால் இது பூட்டுச் சண்டையாக மாறவில்லை. ஆனால் சைக்கிள் செலவு உண்டு. ஒரு த்ரெட் ஒதுக்கியதை வேறொரு த்ரெட் ஏராளமாக விடுவித்தால் அந்தச் சிறு சேமிப்பு நிரம்பிவிடும், பிறகு ஒதுக்கிய அரீனாவின் (நினைவகக் கிடங்கு) பூட்டுக்குப் போக நேரும். சேர்த்த பிறகு பழைய மேப்புகளை அழிக்கும் இடத்தில் இது தலைகாட்டும்.

சாவியை ஸ்டிரிங்வியூ (நகலெடுக்காமல் சொல் இருக்கும் இடத்தை மட்டும் சுட்டுவது) ஆக்குங்கள். தேட ஒதுக்கீடு வேண்டாம். சொல் முதன்முறை வரும்போது மட்டும் அதன் பைட்டுகளை த்ரெட்டின் சொந்த அரீனாவில் நகலெடுங்கள். 1 எம்பி கட்டிகளாக வாங்கி வரிசையாக அடுக்கினால் போதும், தனித்தனியாக விடுவிக்கவே வேண்டாம். எம்மேப்பையே நேரடியாகச் சுட்டலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் ஒப்பிடும் ஒவ்வொரு முறையும் 12 ஜிபியில் எங்கோ ஒரு பக்கத்தைத் தொட வேண்டும், டிஎல்பி (பக்க முகவரிகளை நினைவில் வைக்கும் கேஷ்) தாங்காது.

இன்னொன்று: சொல் வெட்ட ஸ்டர்டாக் பயன்படுத்தவில்லையே? அது நின்ற இடத்தை உள்ளே ஒரு ஸ்டாடிக் மாறியில் (எல்லா த்ரெட்டுக்கும் பொது) வைத்திருக்கிறது. லோக்கல்டைமும் அப்படி. கிளிப்சியின் ரேண்ட் பங்ஷனுக்குள் ஒரு பூட்டே இருக்கிறது, பார்த்தால் தெரியாது.

---

மெதுவடை_64 எழுதியது:

கன்டெய்னர்ல (மெஷின்ல ஒரு பங்கை மட்டும் குடுக்கிற தனிச் சூழல்) ஓட்டப் போறீங்கன்னா ஒண்ணு. எத்தனை த்ரெட் ஓட்டலாம்னு ஹார்ட்வேர் கன்கரன்சி பங்ஷனைக் கேட்டா 64 கோர் மெஷின்ல 64-ன்னு சொல்லும், கன்டெய்னருக்குக் குடுத்த கோட்டா 4 சிபியுதான்னு அதுக்குத் தெரியாது. லினக்ஸ் 100 மில்லிநொடிக்கு ஒருதடவை கணக்குப் பார்க்கும். 4 சிபியுன்னா அந்த 100-க்குள்ள 400 மில்லிநொடி சிபியு நேரம். 64 த்ரெட்டும் சேர்ந்து ஓடினா 6.25 மில்லிநொடியில அது காலி. மீதி 93.75 மில்லிநொடி எல்லாமே உறைஞ்சு நிக்கும். பூட்டு பிடிச்சிருந்த த்ரெட்டும் சேர்ந்துதான் உறையும். சிஜிரூப் (லினக்ஸ் கோட்டா வைக்கிற இடம்) டைரக்டரியில சிபியு.மேக்ஸ் ஃபைலைப் படிச்சு த்ரெட் எண்ணிக்கையை முடிவு பண்ணுங்க. கோ மொழி 1.25-லேர்ந்து அதுவே பாத்துக்குது.

---

துருப்பிடித்தவன் எழுதியது:

எல்லாம் சரி, ஒரு லாக்ஃப்ரீ ஹேஷ் மேப் போட்டால் இத்தனை அலைச்சல் மிச்சமாகுமே?

---

பூட்டுக்காரன் எழுதியது:

ஆகாது. லாக்ஃப்ரீ என்றால் ஒருவர் நடுவழியில் தூங்கினாலும் மற்றவர் முன்னேறலாம் என்ற உறுதி. வேகமாக இருக்கும் என்ற உறுதி அல்ல. 'ஒரு' என்ற சொல்லின் எண்ணியை 16 கோர் அட்டாமிக்காகக் கூட்டினாலும் அந்தக் கேஷ் லைன் 16 பேருக்கு நடுவே சுற்றத்தான் வேண்டும். பூட்டு போனது, பகிர்வு போகவில்லை.

சொந்தமாக எழுதுவதோ பெரிய பொறி. முனையை அ என்று படிக்கிறீர்கள். இடையில் இன்னொருவர் அ-வை எடுத்து, விடுவித்து, அதே முகவரியில் புது அ வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒப்பிட்டு மாற்றும் கட்டளை "மாறவில்லை" என்று நம்பி ஏமாறும். இதற்கு ஏபிஏ என்று பெயர். யாரோ படித்துக்கொண்டிருக்கும் கணுவை எப்போது விடுவிப்பது என்பதற்கே ஹசார்ட் பாயின்டர், ஆர்சியு என்று தனித் துறை இருக்கிறது. நன்கு சோதிக்கப்பட்ட நூலகத்தை எடுங்கள், இல்லையேல் பகிராதீர்கள்.

ரீடர்-ரைட்டர் பூட்டு (படிப்பவர் பலரை ஒன்றாக உள்ளே விடுவது) என்று யாரும் கிளம்பும் முன்: படிப்பவரும் 'நான் உள்ளே இருக்கிறேன்' என்று ஒரு எண்ணியைக் கூட்ட வேண்டும். அந்த எண்ணியும் பகிர்ந்த லைன்தான். உள்ளே நடக்கும் வேலை 200 நானோநொடி என்றால் சாதா மியூடெக்ஸை விட மோசமாகவும் போகும்.

---

கேஷ்_மிஸ் எழுதியது:

சோதனை பற்றி யாரும் சொல்லவில்லை. ரேஸைத் தேடும் த்ரெட் சானிடைசரைப் போட்டுக் கம்பைல் செய்து 100 எம்பி மாதிரிக் கோப்பில் ஓட்டுங்கள். 5 முதல் 15 மடங்கு மெதுவாகும், நினைவகமும் 5 முதல் 10 மடங்கு தின்னும், ஆகவே 12 ஜிபியில் முயல வேண்டாம். எந்த இரண்டு வரி ஒத்திசைவின்றி ஒரே இடத்தைத் தொட்டன என்று இரண்டு அழைப்பு அடுக்கையும் காட்டும். இந்த ஓட்டத்தில் கெடுதல் நடக்காவிட்டாலும் ரேஸைக் கண்டுபிடித்துவிடும், அதுதான் அதன் அருமை. ஓடாத பாதையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

சாதா சோதனை ஆயிரம் தடவை தேறியதால் ரேஸ் இல்லை என்று ஆகாது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்க வடகிழக்கையும் கனடாவின் ஒன்டாரியோவையும் இருளாக்கிய மின்தடையில், ஒஹாயோவின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் ஒரு ரேஸில் சிக்கி நின்றுபோனது. பயன்பாட்டில் இருந்த மென்பொருள் அது. ஒரு மணி நேரத்துக்கு மேல் எச்சரிக்கை வரவில்லை என்பதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு இருக்கும் சலுகை, விடை முழு எண். த்ரெட் எண்ணிக்கை 1, 2, 7, 16, 40 எதில் ஓட்டினாலும் ஒரு பைட்கூட மாறக்கூடாது. முடிவை வரிசைப்படுத்தி எழுதி ஹேஷை ஒப்பிடுங்கள். 7-ம் 40-ம் வேண்டுமென்றேதான், சமமாக வகுபடாத எண்ணும் கோரைவிடக் கூடிய எண்ணும் வெவ்வேறு மூலையைக் கிளறும். தசம எண்ணைக் கூட்டும் வேலையாக இருந்திருந்தால் இந்தச் சோதனை செல்லாது. கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறும், அது பிழையும் அல்ல.

---

சொல்லெண்ணி எழுதியது:

முடித்துவிட்டேன். லோக்கல் எண்ணி, 64 சிறு மேப், ஸ்டிரிங்வியூ, த்ரெட் அரீனா, ஜாயின். சானிடைசர் சுத்தம். 1, 2, 7, 16, 40 எல்லாவற்றிலும் ஒரே ஹேஷ்.

எண்ண 9.8 நொடி, சேர்க்க 1.1. மொத்தம் 10.9. 118-இலிருந்து 10.9, கிட்டத்தட்ட 11 மடங்கு. 8 கோரில் 11 மடங்கு வருமா என்று எனக்கே நம்பிக்கையில்லை.

---

கேஷ்_மிஸ் எழுதியது:

நம்ப வேண்டாம். இதே புது நிரலை 1 த்ரெட்டில் ஓட்டிச் சொல்லுங்கள்.

---

சொல்லெண்ணி எழுதியது:

71 நொடி. 8 த்ரெட்டில் 14.

---

கேஷ்_மிஸ் எழுதியது:

ஆக இணையாக்கியதில் வந்தது 6.5 மடங்கு. மீதி மெலாக்கை விட்டொழித்ததில் வந்தது, அதற்கு ஒரு த்ரெட்டே போதுமாக இருந்தது. 8 கோரில் 5, இரட்டை த்ரெட்டோடு 6.5 என்பது நல்ல கணக்குத்தான். எங்காவது எழுதும்போது 71-ஓடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

---

பாம்பாட்டி எழுதியது:

ஒரு சின்ன விஷயம். 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாகவும் எழுதலாம். முதலாவது 6 பைட், இரண்டாவது 9. திரையில் வித்தியாசமே தெரியாது. ஒருங்குறி நியமமாக்கல் (இரண்டையும் ஒரே வடிவமாக்குவது) செய்தீர்களா?

---

சொல்லெண்ணி எழுதியது:

இல்லை. இப்போதுதான் பார்த்தேன், 'கொண்டு' இரண்டு இடத்தில் இருக்கிறது. 16 த்ரெட்டும் சேர்ந்து வேகமாகத் தப்பாக எண்ணியிருக்கின்றன. சொல் வெட்டும் இடத்திலேயே நியமமாக்கலைச் சேர்த்துவிட்டு நேரத்தைப் போடுகிறேன்.